எஞ்சினியர் பங்களாவில் மைனி வைத்த காரட்

மைனி கோபப்பட்டு நான் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை. இரண்டுமே என்னால்தான். முதல் தடவையைச் சொல்ல எனக்கு வெட்கம். இரண்டாவதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்; அதிலும் வெட்கப்பட நிறைய இருக்கிறது.

மைனி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. கல்யாணமாகி எட்டாம் வருஷம் அண்ணன் விஷக் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், வயலைப் பார்த்த வீட்டில், நாங்கள் இரண்டு பெண்கள் மிச்சம். நான் தொடக்கப் பள்ளியில் டீச்சர். காலையில் மைனி பொங்கித் தருவாள், தின்றுவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து மறுபடியும் தின்பேன். வீட்டில் நான் செய்த வேலை அவ்வளவுதான்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மைனியின் காரியம் அந்தரத்தில் நின்றது. நான் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் ஒற்றைக்கு ஒரு கைம்பெண் எப்படி இருப்பாள், எதைத் தின்பாள்? அருமனையில் இருந்த அவளுடைய அண்ணன் எழுதிவிட்டார்: வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன், பெட்டியைக் கட்டி வை. நல்ல மனுஷன்தான். ஆனால் அங்கே ஆட்சி அவருடைய பெண்டாட்டிக்கு. என் அண்ணன் இறந்த வருஷம் மைனி அங்கே இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சோறு கிடைச்சு மக்கா" என்றாள். "கேட்டு வாங்கித் திங்கணும்."

எனக்குத்தான் வயிறு எரிந்தது. ஊருக்கெல்லாம் பொங்கிப் போட்ட கை! எங்கள் தெருவில் கல்யாணம், சடங்கு எது வந்தாலும் அவியலுக்குப் பக்குவம் கேட்டு மைனியிடம்தான் வருவார்கள். அவள் போய் இன்னொருத்தி அடுக்களை வாசலில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பதா?

அந்த வாரம்தான் நாகர்கோவிலில் எஞ்சினியர் பங்களாவுக்குச் சைவச் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச்சு வந்தது. அப்போது எங்கள் ஊரெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பெரிய உத்தியோகஸ்தர்கள் திருவனந்தபுரத்துக்காரர்கள். இந்த எஞ்சினியர் சீமையில் படித்தவர். வரும்போது ஒரு பிரஷர் குக்கரும் கொண்டுவந்திருந்தார். கனத்த அலுமினியப் பானை. திருகிப் பூட்டுகிற மூடி, மூடிக்கு மேலே ஒரு குண்டு. ஆவி ஏறினால் அந்தக் குண்டு தானாகக் கிடந்து ஆடும். அதற்குப் பயந்தே இரண்டு சமையற்காரர்கள் ஓடிவிட்டார்களாம். ஒருவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடியவர், பாக்கி வேலையை முடிக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

மைனியிடம் சொன்னேன். வெற்றிலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "குண்டு எதுக்குட்டி ஆடுகு?" என்றாள். உள்ளே அடைபட்ட ஆவி வெளியே வரப் பார்க்கிறது, அதனால் என்றேன். "அப்படின்னா அது பேசுகுன்னு அர்த்தம். நாம கேட்டாப் போரும்" என்றாள்.

தெருவில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். நல்ல குடும்பத்துப் பெண் அடுத்த வீட்டில் கரண்டி பிடிக்கப் போகிறாளா என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். "உங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பிடிச்சாளே, அப்போ அது கரண்டி இல்லையா?" என்று நான் கேட்டேன். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் பங்களாவுக்குப் போனோம். எஞ்சினியர் வீட்டம்மா நல்ல உயரம், வெள்ளை முண்டும் மேல்துண்டாக நேரியதும் கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு செய்து காட்ட வேண்டும், பிடித்தால் வேலை என்றார். சோறு, பருப்பு, ஒரு கூட்டு இதெல்லாம் பெரிசில்லை. பெரிசு அந்தக் காரட்தான். ஐயா சீமையில் தங்கியிருந்த வீட்டில் ஒரு கிழவி அதைச் செய்து கொடுப்பாளாம். காரட்டைச் சரிவாக அரிந்து, கொஞ்சம் தண்ணீர், வெண்ணெய், சீனி, உப்பு எல்லாம் சேர்த்துக் குக்கரில் இரண்டு மூன்று நிமிஷம் வைக்க வேண்டும். பிறகு திறந்து, தண்ணீரை வற்றவிட்டு, காரட்டின் மேல் இனிப்பு பளபளவென்று பூசிக்கொள்ளும்படி இறக்க வேண்டும்.

"இந்தக் கறி மாத்திரம் சரியாயால் போரும்" என்றார் அம்மா, மலையாளம் கலந்த தமிழில்.

மைனி குக்கரின் மூடியை எடுத்து, ரப்பர் வளையத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். ஆவி வரும் துளையில் வாயை வைத்து ஊதினாள். குண்டைக் கையில் ஏந்தி எடை பார்த்தாள். மாடு வாங்கப் போனவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த நிதானம்.

சனிக்கிழமை வடசேரிச் சந்தையில் காரட் வாங்கினோம். எங்கள் தெருவில் பாதிப்பேர் அதைக் கண்ணால் கண்டதில்லை; சிவப்பு முள்ளங்கியா என்று கேட்டார்கள். மைனி ஒரு வெண்கலப் பானையில் போட்டு, மூடியைச் சுற்றி அரிசி மாவைக் குழைத்து அப்பி, காற்றுப் போகாமல் அடைத்து வேகவைத்தாள். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். மூன்று தடவை வைத்தாள். மூன்றையும் தின்றது நான். உப்புச் சரியா, இனிப்புச் சரியா என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

அவள் ஏன் தின்று பார்க்கவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் வீடுகளில் வழக்கம் அப்படி. சமைக்கிறவள் பரிமாறி விளம்புவதற்கு முன்னால் வாயில் வைக்கக் கூடாது. சாமி விளக்குக்கு முன்னால் வைக்கிறது, காக்காய்க்கு வைக்கிறது, வீட்டு ஆட்களுக்கு விளம்புகிறது, எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் நாக்குக்கு முறை. அதனால் எல்லாமே கைக் கணக்கும் மூக்கும்தான். இதில் இன்னொரு சட்டமும் உண்டு: ஒரு சட்டிக்கு ஒரு கைதான் உப்புப் போட வேண்டும். யார் வைக்கிறாளோ அவள் கை மட்டும். ருசி பார்க்காத அடுக்களையில் இரண்டு கை நுழைந்தால் தொலைந்தது. எங்கள் ஊரில் நடக்கத் தொடங்கிய பெண்குழந்தைக்குக்கூட இது தெரியும்.

எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்களா அடுக்களையில் எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தது. சோறும் பருப்பும் ஆயிற்று. காரட், வெண்ணெய், சீனி எல்லாம் குக்கருக்குள் விழுந்தன. நான் வாசற்படியில் நின்று, அம்மா வருகிறாரா என்று ஒரு கண்ணும் அடுப்பில் ஒரு கண்ணுமாக இருந்தேன். மைனி கரி எடுக்கப் பின்பக்கம் போனாள். அப்போது எனக்குப் பொறி தட்டியது: இவள் உப்புப் போட்டாளா? போட்டதை நான் பார்க்கவில்லையே! சவம், இந்தப் பதற்றம் எங்கிருந்து வந்ததோ. ஒரு சத்தம் கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உப்பு ஜாடியைத் திறந்து, உள்ளே கிடந்த கரண்டியை மேடையில் எடுத்து வைத்துவிட்டு, நல்ல தாராளமாக ஒரு சிட்டிகை போட்டேன். சிட்டிகை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மூன்று விரலும் நிறைய அள்ளினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும்தான்.

மைனி வந்து மூடியைப் பூட்டிக் கரியடுப்பில் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் குண்டு முணுமுணுத்தது; பிறகு கடகடவென்று ஆடத் தொடங்கியது. அவள் பயப்படவே இல்லை. ஒரு உழக்கு அரிசியில் கல் அரிக்கிற நேரம் என்று வாய்க்குள் கணக்கு வைத்துக்கொண்டே, இரண்டு கங்குகளை இடுக்கியால் வெளியே இழுத்தாள். அப்போதுதான் அவள் பார்வை மேடைக்குப் போனது.

"உப்பு ஜாடியில கிடந்த கரண்டி ஏன் வெளியே கெடக்கு?"

நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏட்டி, ஒன்னைத்தான் கேக்கேன். நீ உப்புப் போட்டியா?"

"நீங்க மறந்துட்டியளோன்னு நெனச்சு மைனி…"

அவள் முகம் அப்படியே சிவந்தது. கையை ஓங்குவாள் என்றுதான் நினைத்தேன். ஓங்கவில்லை. "அங்கன போய் நில்லு. இனி எதையும் தொட்டா, கையை முறிச்சிருவேன்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்து அறைக்குக் கேட்காத சத்தத்தில். நான் சுவரோரமாய்ப் போய் நின்றேன். சாயங்காலம் அருமனை அண்ணன் வருவார், மைனி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள், நான் போட்ட மூன்று விரல் உப்பு அவளை ஆயுசுக்கும் அந்த வாசலில் நிறுத்திவிடும். வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

அவளோ பதறவில்லை. குக்கரை இறக்கித் தொட்டியடியில் வைத்து, மூடி மேல் குளிர்ந்த தண்ணீரைக் குடம் சாய்த்து ஊற்றினாள். ஆவி அடங்கியது. திறந்தாள். காரட் வெந்திருந்தது. உள்ளே கிடந்த தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டினாள். வெண்ணெயும் சீனியும் அதோடு போயின. கொதிக்கிற வெந்நீரை விட்டு ஒரு அலசு, மறுபடியும் ஒரு அலசு. ஒரு துண்டை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தாள். என்னைப் போல ஆளுக்குக் காரட்டில் உப்பு வாசம் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ, மூன்றாவது அலசு அலசினாள்.

வெண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சீனி இல்லை. சீனி ரேஷனில் வந்த காலம். அம்மா அளந்து கொடுத்துவிட்டு அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தார். போய்க் கேட்டால் விஷயம் வெளியே வரும். மைனி அடுக்களையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். வேலைக்காரர்களுக்குக் காப்பி போட வைத்திருந்த கருப்பட்டி ஒரு மூலையில் இருந்தது. அதில் பாதியைத் தட்டிப்போட்டு, கரைத்து, மண் போகத் துணியில் வடிகட்டி, பாகு காய்ச்சினாள். "மிச்சம் கிடக்க உப்பைச் சீனி தாங்காது. கருப்பட்டி தாங்கும்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். வெண்ணெயையும் காரட்டையும் அதில் போட்டு, உடையாமல் பையப் பையக் குலுக்கினாள். கொஞ்சம் சுக்குப் பொடி தூவினாள். பாகு சுருங்கச் சுருங்கக் காரட் ஒவ்வொன்றும் கருஞ்சிவப்பாக மின்னியது. நான் அன்றைக்கு வரை அவ்வளவு அழகான ஒரு கறியைப் பார்த்ததில்லை. பார்க்க அழகுதான், ஆனால் எஞ்சினியர் கேட்ட கறி இது இல்லையே!

விளம்பினார்கள். நாங்கள் அடுக்களைக்குள் நின்றோம். பிறகு, "இது கொறச்சுகூடி உண்டோ?" என்று ஐயா இன்னும் கொஞ்சம் கேட்டது காதில் விழுந்தது. மைனி கண்ணை மூடித் திறந்தாள். பாத்திரம் உள்ளே போய்க் காலியாக வந்தது. சற்றுக் கழித்து அம்மாவே அடுக்களைக்கு வந்தார்.

"கறி கொள்ளாம், நல்லாயிருக்கு. பக்ஷே இது நான் சொன்னதல்லல்லோ. நீ வாயில வச்சு உப்பு நோக்கியோ?"

"இல்லம்மா. விளம்புகதுக்கு முன்ன நான் வாயில வைக்க மாட்டேன்."

"இங்க வைக்கணும். உப்பு கூடிப்போயால்?"

"கூடித்தான் போச்சு" என்றாள் மைனி. ஏ மைனி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா! அவள் நிறுத்தவில்லை. "ரெண்டு தடவை விழுந்துபோச்சும்மா. கழுவிட்டு, சீனி இல்லாததால கருப்பட்டியில வச்சேன். உங்க வெண்ணெயும் சீனியும் கொட்டிப்போச்சு. எனக்க சட்டி, எனக்க தப்பு. வேலை இல்லன்னாலும் செரி, வாயில வச்சுப் பாத்துட்டு அடுத்தவங்களுக்கு விளம்ப எனக்கு ஆகாது."

"அவங்க போடல்ல, நான்தான் போட்டேன்!" என்று நான் சுவரோரத்திலிருந்து கத்திவிட்டேன். கத்தியதோடு அழுகையும் வந்துவிட்டது. எஞ்சினியர் வீட்டம்மா என்னைப் பார்த்தார், மைனியைப் பார்த்தார், காலிப் பாத்திரத்தைப் பார்த்தார். அவருடைய வாயோரம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"நாளைக்குக் காலத்தே ஆறு மணிக்கு வரணும்" என்றார் மைனியிடம். "இவளை மாத்திரம் எனக்க அடுக்களைக்குள்ள கொண்டு வரவேண்டா."

திரும்பி வரும் வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். மைனி வேகமாக நடந்தாள், கூட நடக்க எனக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் குளித்து, திருநீறு பூசி, எனக்கு விளம்பிவிட்டுத் தானும் சாப்பிட உட்கார்ந்தாள். வெறும் சோறும் மோரும். அன்றைக்குத்தான் மைனி இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டு தின்றதைப் பார்த்தேன்.

சாயங்காலம் அருமனை அண்ணன் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பெட்டிக்காக ஒரு வில்வண்டியும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மைனி அவருக்குக் காப்பி கொடுத்தாள், பிள்ளைகள் சுகமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பெட்டி எங்க? இருட்டுகதுக்கு முன்ன பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றார்.

"வண்டியை அனுப்பிருங்க அண்ணே" என்றாள் மைனி. "எனக்குக் காலத்த வேலைக்குப் போணும்."