கைப்பையில் கிடக்கும் பூ

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன், சிரித்ததோடு விடாமல் நாலு கேள்வி கேட்டு உங்களை ஒரு வழி பண்ணியிருப்பேன். புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். சூரிய கிரகணத்தன்று பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், கண்ணாடியைக் கொடுத்து வானத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஊரே பார்க்க முதல் ஆளாகச் சுண்டல் தின்றவள். பல்லி தலையில் விழுந்தால் பல்லிக்குத்தான் கெட்ட நேரம் என்று சொல்லித் திரிந்தவள். சாமி, குறி, சகுனம் எதையும் நம்பியதில்லை. இப்போது நம்புகிறேன் என்று சொல்லவும் வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் கந்தர்வக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று தஞ்சாவூருக்குப் போய்க் காட்டினோம். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு, செய்யாமல் விட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார். எனக்கு அது போதும். எந்தப் பக்கம் ஆபத்து குறைவோ அந்தப் பக்கம் போக வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

என் மாமியார்தான் மசியவில்லை. மாமனார் ஆபரேஷனுக்கென்று உள்ளே போனவர் உயிரோடு திரும்பவில்லை, அந்தப் பயம் அவருக்கு. குலசாமியிடம் பூக்கட்டிக் கேட்காமல் மகனைக் கத்திக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றிச் சாமி காலடியில் வைப்பார்கள். எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளை இருந்தால் செய்யலாம், சிவப்பு இருந்தால் கூடாது. என் வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஒரு உயிரை இப்படியா தீர்மானிப்பது?

கோயில் முந்திரிக் காட்டுக்குள் இருக்கிறது. காலை வெயிலில் போய்ச் சேர்ந்தோம். மாமியார் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு நந்தியாவட்டையையும் ஒரு செவ்வரளியையும் என் கையில் கொடுத்தார். நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

"நீயே கட்டு ஆத்தா. நீ சாமி கும்புட மாட்டே, ஆனா பொய் சொல்ல மாட்டே."

அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டுதான் போனேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு நந்தியாவட்டைச் செடி நின்றது. அதிலிருந்து இன்னொரு வெள்ளைப் பூவைப் பறித்தேன். செவ்வரளியைக் கைப்பையின் பக்கவாட்டு அறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். இரண்டு இலையிலும் வெள்ளை. எதை எடுத்தாலும் ஆபரேஷன். சாமியையும் ஏமாற்றியாயிற்று, புருஷனையும் காப்பாற்றியாயிற்று என்று ஒரு மிதப்போடு வந்து நின்றேன், இப்போது நினைத்தால் கூசுகிறது.

பூசாரி பொட்டலங்களை எங்கள் கண் முன்னால் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். என் வீட்டுக்காரர் குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பூசாரி நூலைப் பிரித்து இலையை விரித்தார். உள்ளே செவ்வரளி.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மற்ற பொட்டலத்தைப் பிரிக்காமல் குளத்தில் விடுவது அங்கே வழக்கம், பூசாரி விட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் சாமியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பை என் தோளில்தான் இருந்தது. ஜிப்பைத் திறந்தால் தெரிந்துவிடும். உள்ளே நந்தியாவட்டை இருந்தால் பதற்றத்தில் நான்தான் பூவை மாற்றிப் போட்டிருக்கிறேன், கதை முடிந்தது. செவ்வரளியே இருந்தால்? எங்களிடம் இருந்தது ஒரே ஒரு செவ்வரளி. நான் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பேசினேன், நாள் கணக்கில் பேசினேன். இரண்டு பொட்டலம், அதில் ஒன்று சிவப்பு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் பாதிக்குப் பாதி, இதில் சாமி எங்கே வந்தது என்று மாமியாரைக் கேட்டேன். வாதம் சரியான வாதம்தான், ஒழுங்காகப் பூக் கட்டியவள் சொல்லியிருந்தால். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ ஏமாற்றியும் சாமி திருத்திக் காட்டியிருக்கு பார் என்பார்கள், பிறகு என் வீட்டுக்காரரை யாராலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாது. எதிர்பார்த்ததை எழுதாதே, பார்த்ததை எழுது என்று பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் கிறுக்குகிறவள் நான். நான் பார்த்ததை மறைத்துத்தான் அறிவியலை ஜெயிக்க வைத்தேன்.

கடைசியில் அவரே செய்துகொள்கிறேன் என்றார். தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது என் வாய் தானாக முணுமுணுத்தது. மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அவர் மோட்டாரைத் தானே தூக்கி வைக்கிறார், நான்தான் திட்டுகிறேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தது, பூக்கட்டிப் பார்க்கத் துணைக்கு வரச் சொல்லி மாமியாரைக் கேட்டார்கள். "அதெல்லாம் பாதிக்குப் பாதிதான், எங்க வீட்டு டீச்சர் சொல்லிருச்சு" என்று அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை விளக்கையும் நிறுத்திவிட்டார். காலமெல்லாம் அவருக்குத் துணையாக இருந்ததை நான் ஒரு பொய்யைச் சொல்லிப் பிடுங்கிவிட்டேன், அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஒருநாள் கடையில் என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"அன்னைக்கு நீ செவ்வரளிய பையில போட்டதைப் பாத்தேன்."

பார்த்துவிட்டுமா ஆபரேஷனுக்குப் போனீர்கள் என்று கேட்டேன்.

"சாமி வேணாம்னுச்சு, நீ பாதிக்குப் பாதின்னு சாதிச்சே. நீ பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. எனக்காக இம்புட்டு எறங்கிட்டாளே, சரி போவோம்னு போனேன்."

ஸ்ட்ரெச்சரில் படுத்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாரே, அப்போதும் அவருக்குத் தெரியும். சாமி சொன்னதும் தெரியும், நான் மறைத்ததும் தெரியும். அத்தனையையும் சுமந்துகொண்டு தனியாக உள்ளே போயிருக்கிறார். நான் அவரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். பையைத் திறந்து பார்த்தாயா என்று கேட்டார், இல்லை என்றேன்.

அன்றிலிருந்து அந்தப் பையை நான் எடுப்பதில்லை, பரணில் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொண்டேன். காய்ந்து சருகானாலும் அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும், ஒரு நிமிஷ வேலைதான். போன வாரம் மாமியார் பரணை ஒதுக்குகிறேன் என்று ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார். நான் வரும்போது பை அவர் கையில் இருந்தது, விரல் ஜிப்பில் இருந்தது. திறக்காதீங்க அத்தை என்று நான் போட்ட சத்தத்தில் அவரே பயந்துபோனார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன டீச்சர், உள்ள பேயா இருக்கப் போவுது?"

நான் பையை வாங்கித் திரும்பவும் பரணிலேயே வைத்தேன்.