துடுப்பில் ஏறாத சட்டை

கொடிமர உத்தியோகம் என்பது கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் வாங்குவது. சுதந்திரம் வந்து சில வருஷங்களில், வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துறையில் எனக்கு அது கிடைத்தது. நான் சாயல்குடிக்கு உள்ளே மானாவாரி வெள்ளாமை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கிணற்றில் இறங்கவே பயப்படுகிறவன். கடலில் யாராவது ஆபத்து என்று சைகை காட்டினால், கொடிமர மேடையிலிருந்து பார்த்து, ஆபீஸ் எஞ்சின் படகான லாஞ்சை அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. கூப்பிடுவார்கள் என்று நம்பித்தான் வேலையில் சேர்ந்தேன். காய்ச்சல் முற்றிய பிறகே நோயாளியைப் பார்க்க வாய்த்த கம்பவுண்டர்களே, பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் சந்தேகம் கேட்கப்பட்ட வாத்தியார்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

கரையில் ஒரு வகுப்பு

மேலிட உத்தரவுப்படி வள்ளக்காரர்களை மணலில் உட்காரவைத்துப் பேசினேன். சுக்கான் கழன்றாலோ, பாய்மரம் முறிந்தாலோ, இறைக்கிற தண்ணீரைவிட ஏறுகிற தண்ணீர் அதிகமானாலோ அந்த நிமிஷமே கூப்பிட வேண்டும், இருட்டட்டும் என்று இருக்கக் கூடாது. சட்டையைக் கழற்றித் துடுப்பு நுனியில் கட்டி உயர்த்திக் காட்ட வேண்டும். துடுப்பும் போய்விட்டால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். வள்ளம் கவிழ்ந்தால் அதை விட்டுவிட்டு நீந்திப் போகக் கூடாது, அதையே பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

முன்னால் உட்கார்ந்திருந்தவர் சந்தியாகு. கடல் தெரிந்த ஆள் என்று அந்தத் துறையில் பெயரெடுத்தவர். கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"எல்லாஞ் சரி சார். நீங்க நீந்துவீகளா?"

முதல் சட்டை

நான் எதிர்பார்த்திருந்த சட்டை ஒரு நாள் காலையில் நடுக்கடலில் ஏறியது. பாடம் பலித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மணியடித்தேன். லாஞ்சு ஓட்டும் காதர் பாய் பிஸ்மி சொல்லி எஞ்சினைச் சுற்றினார். அது இருமி, புகைந்து, பாதி ஊரை எழுப்பிவிட்டுத்தான் கிளம்பியது.

போய்ப் பார்த்தால் வள்ளத்தில் ஒரு குறையும் இல்லை. காற்று விழுந்துவிட்டது, துடுப்புப் போட அலுப்பு. கட்டி இழுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். கரையில் வைத்து நான் சத்தம் போட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால்தானே கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். வள்ளக்காரருக்குக் கோபமே வரவில்லை.

"உசுருன்னா நாங்களே பாத்துக்கிருவோம் சார். மீனு நாறிப்போனா யாரு பாக்குறது?"

மேலிடத்து விளக்கம்

லாஞ்சு மீன் இழுத்த கதை மேலே போய், அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். இனி எப்போது அனுப்பலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். இளநீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"முங்குறவனுக்குத்தான்யா லாஞ்சு. முங்கப்போறவனுக்கு இல்ல."

சும்மா வந்தவர்

வள்ளம் இன்னும் வரவில்லை என்று வீட்டுப் பெண் தன் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் பலித்துவிடும் என்பது அந்த ஊர் பயம். இது தெரியாமல்தான் ஒரு நாள் பிற்பகலில் சந்தியாகுவின் மனைவி ஞானம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றபோது என்ன விஷயம் என்று கேட்டேன். சும்மா வந்தேன் என்றார். போனார். மறுபடி வந்தார். அப்போதும் சும்மாதான். மூன்றாவது தடவை வந்தபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை, என் முதுகுக்குப் பின்னால் தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதிகாரி சொன்னதை மறந்துவிட்டுக் காதர் பாயை அனுப்பினேன்.

சுக்கான் உடைந்து வள்ளம் கிழக்கே இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் சந்தியாகுவையும், அவரோடு தொழிலுக்குப் போகும் அந்தோணியையும் கட்டி இழுத்து வந்துவிட்டோம். கரையெல்லாம் கூட்டம். ஞானம்மா ஓடி வந்தார். சந்தியாகு தலையைக் குனிந்தபடி இறங்கி, அவர் பக்கத்தில் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"கவர்மெண்டக் கூப்புடச் சொல்லி ஒன்கிட்ட யாருடி கேட்டா?"

பட்டப்பெயர்

அன்றைக்கே அவருக்கு 'லாஞ்சு சந்தியாகு' என்று பெயர் விழுந்துவிட்டது. டீக்கடையில் அவர் தலையைக் கண்டால் யாராவது எஞ்சின் மாதிரி இருமுவார்கள். கடை முழுக்கச் சிரிக்கும். அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். ஞானம்மாவும் ஆபீஸ் இருந்த திசைக்கே வருவதில்லை.

சந்தியாகு வலை உலர்த்திக்கொண்டிருந்த இடத்துக்கே போய்ப் பேசினேன். கூப்பிடுவது கேவலம் இல்லை, புத்திசாலித்தனம் என்றேன். இவர்கள் சிரிப்பெல்லாம் எத்தனை நாளைக்கு என்றேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"ஒங்க நல்ல மனசு தெரியும் சார். கடல்ல ஒரு தடவதான் சாவு. இங்கன தெனமும்ல சிரிக்கிறாய்ங்க."

கண்ணெதிரே

கச்சான் என்கிற மேல்காற்று ஓங்கி அடித்த ஒரு மத்தியானம் சந்தியாகுவின் வள்ளம் என் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் நின்றது. பாயை இறக்கியிருந்தார்கள். வலை இழுக்கிறார்களோ என்று ஒரு நினைப்பு, இல்லையோ என்று ஒரு பயம். லாஞ்சைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு, துடுப்பு உயருகிறதா என்று கண் வலிக்கப் பார்த்தேன். உயரவில்லை. சட்டை கிட்டை ஒன்றும் இல்லை. அலைகளுக்கு நடுவே மறைந்து மறைந்து தெரிந்த வள்ளம் ஒரு தடவை மறைந்தது, பிறகு தெரியவே இல்லை. அதற்குப் பிறகுதான் லாஞ்சு போனது. அதிகாரி சொன்ன கணக்குப்படி அதுதான் சரியான நேரம்.

கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அந்தோணி மட்டும் கிடந்தான். சந்தியாகு இல்லை. கரையில் சாக்கைப் போர்த்தி உட்காரவைத்து, ஏனப்பா கூப்பிடவில்லை என்று கேட்டேன். பற்கள் கிட்டித்ததில் அவனுக்குப் பேச்சு வர நேரமாயிற்று.

"பலகை விட்டுப்போச்சு சார். சட்டையக் கழத்தி ஓட்டையில அடைச்சாரு. என் சட்டையத் துடுப்புல கட்டுறேன்னேன். 'வேணாம்டா, லாஞ்சு வந்துரும்'னாரு."

ஞானம்மா

எத்தனையோ நாள் கழித்து அவர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பாயை இறக்கியதை அன்று கரையிலிருந்து தானும் பார்த்ததாகவும், வலை இழுப்பதற்கு இறக்கியது இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டதாகவும் சொன்னார். ஒரு வார்த்தை வேண்டாமம்மா, வந்து சும்மா நின்றிருந்தால்கூடப் போதுமே என்றேன். அவர் அழவில்லை.

"நான் வந்திருந்தா அவரு உசுரோட வந்து என்னையத் திட்டியிருப்பாரு சார். அந்தத் திட்டுக்குப் பயந்துதேன் வீட்டுக்குள்ளயே இருந்துட்டேன்."

கடலில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த மணலில் பாடம் நடத்தினேன், ஆனால் கூப்பிட்டவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று டீக்கடையில் போய்ப் பாடம் நடத்தக் கொடிமர உத்தியோகத்தில் ஆள் போடவில்லை.