குபானி எண்ணெய் பூசிய கை

1993 ஜனவரி 18, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்து, விபூதி பூசி, டீ குடித்துவிட்டு, மனைவியை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எங்கள் கொட்டகை இருக்கும் செராமிக் எஸ்டேட்டுக்குப் போனேன். கொட்டகையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். அன்று சூளை பிரிக்கிற நாள்.

ஊறுகாய் ஜாடிகள்தான் எங்கள் சரக்கு. வார்ப்பது நான், கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு போடுவது அவள். முதல் சூட்டில் வெந்து வந்த ஜாடியை பிஸ்கட் என்போம். அதைத் துடைத்து, பால் மாதிரியான கிளேஸில் முக்கி, இரண்டாம் சூட்டுக்கு எடுத்து வைப்பாள். ஒரு சொட்டு வழியாது. எஸ்டேட்டில் அப்படி ஒரு கையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சூளையைத் திறந்தால், முன்வரிசை ஜாடிகளில் வழுக்கை. கிளேஸ் ஒட்டாமல் விலகி, திட்டுத் திட்டாக மண் தெரிந்தது.

அந்த மார்கழியில் அவள் உள்ளங்கைகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. கிளேஸில் கை வைத்தால் எரியும். "கொஞ்ச நாளைக்கு வேற ஆள் வெச்சிக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தேன். "என் வேலைய எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்றாள்.

லடாக்கில் ராணுவ லாரி ஓட்டும் அவள் தம்பி பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே லீவில் வந்தார். ஒரு துணிப்பை நிறையக் காய்ந்த பழமும் ஒரு சின்னப் பாட்டில் எண்ணெயும் கொண்டுவந்திருந்தார். இப்போது கடைகளில் ஆப்ரிகாட் என்று விற்கிறார்களே, அந்தப் பழம்தான்; எண்ணெய் அதன் பருப்பில் ஆட்டியது.

"என்னா தம்பி, எலந்தப்பழத்துக்கு மஞ்சள் பூசி எடுத்தாந்தியா?" என்றார் என் அம்மா.

"இது குபானி, அத்தை. ராத்திரி ஊற வெச்சு சாப்புடுங்க, காலையில வயிறு லேசாயிடும். கொட்டைக்குள்ள பருப்பு இருக்குது, அது கசந்தா துப்பிடுங்க, விஷம். அக்கா, இந்த எண்ணெய் உனக்கு. அங்க குளுருல கன்னமே வெடிக்கும், பொம்பளைங்க இதத்தான் தடவுறாங்க."

அம்மாவுக்கு வயிறு லேசானது. மனைவியின் கை வெடிப்புகளும் மூடிக்கொண்டே வந்தன. பகலிலும் ஞாபகம் வரும்போதெல்லாம் பூசிக்கொண்டாள்.

சூளை பிரித்த அன்று மதியம் மச்சானோடு சோறு கொண்டுவந்த அம்மா ஜாடிகளைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார். "கண்ணு பட்டுப் போச்சு. பக்கத்துக் கொட்டகைக்காரி வந்து, கை பளபளன்னு இருக்குதேன்னு சொன்னா பாரு, அன்னிக்கே நெனச்சேன்."

"அங்க ஒரு வூட்டுல இந்தக் கொட்டைய மாலையா கோத்து வாசல்ல தொங்க வுட்டிருந்தாங்க, அத்தை. கண்ணு படாதாம்" என்றார் மச்சான்.

அவ்வளவுதான். அம்மா சேர்த்துவைத்திருந்த கொட்டைகளை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார். மச்சான் அவற்றில் ஓட்டை போட்டுக் கொடுக்க, கறுப்புக் கயிற்றில் கோத்து, சூளை வாயில் கட்டினார்.

மனைவி ஒரு ஜாடியைத் தூக்கி, வழுக்கைத் திட்டின் மேல் தன் கையை வைத்தாள். கட்டைவிரல் ஒரு பக்கம், நாலு விரல் மறுபக்கம். அச்சாகப் பொருந்தியது.

"ஏங்க, யாரு கண்ணும் இல்ல. என் கை எண்ணெய்தான்" என்றாள், எல்லோர் முன்னாலும். பழியைத் தூக்கிக்கொள்ள ஊரான் கண் தயாராக இருந்தும் அவள் அதன் தலையில் போடவில்லை. எனக்குப் பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்ப எண்ணெய நிறுத்திடு, அக்கா."

"நிறுத்துனா கை வெடிக்கும். கிளேஸுக்கு ஆள்தான் பாக்கணும்" என்றேன் நான்.

"ரெண்டையும் வுட மாட்டேன்" என்றாள்.

உடைந்த பிஸ்கட் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எண்ணெய்க் கையைத் தண்ணீரில் கழுவி, விரலை ஓட்டில் அழுத்தி, அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். எண்ணெய் பட்ட இடம் குடிக்காமல், சொட்டு முத்தாக நின்றது. சோப்பு போட்டுக் கழுவியும் சொட்டு தயங்கியது. பயத்தமாவை இரண்டு முறை தேய்த்துக் கழுவிய பிறகு ஓடு அதைச் சட்டென்று குடித்துவிட்டது.

"எண்ணெய் ராத்திரிக்கு மட்டும். காலையில ஓட்டுல பாத்துட்டுதான் பிஸ்கட்டத் தொடுவேன்."

"ராத்திரி பூரா ஊறுன கையாச்சே. நாளைக்குச் சொட்டு நின்னுச்சுன்னா?" என்றேன்.

"நின்னா ஆள் கூட்டியாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"என் மாலை இருக்குது, எப்பிடி நிக்கும்?" என்றார் அம்மா.

அன்றிரவு அவள் எண்ணெயைத் தாராளமாகவே பூசிக்கொண்டு படுத்தாள். சோதிப்பது என்றால் அவளுக்கு அரைகுறையாகச் சோதிக்கத் தெரியாது.

மறுநாள் காலை கொட்டகையில் முதல் வேலையாகப் பயத்தமாவு தேய்த்துக் கை கழுவினாள். ஓட்டின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, ஒரு சொட்டு விட்டாள். குனிந்து பார்ப்பதற்குள் அது உள்ளே போய்விட்டது. என் பக்கம் திரும்பாமலே துணியை எடுத்து, முதல் ஜாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.