சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசக்கூடாது

எங்கள் பஞ்சாயத்து மைதானத்தில் நிழல் தரும் மரம் ஒன்றே ஒன்றுதான். தெற்கு ஓரத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம். சனி, ஞாயிறுகளில் பிள்ளைகள் கால்பந்து ஆடும்போது பெற்றோர்கள் எல்லாரும் அதன் அடியில்தான் உட்கார்ந்தாக வேண்டும். வெளியூர் அணியோடு வருகிறவர்களுக்கும் வேறு இடம் கிடையாது. சண்டை வந்தாலும் தள்ளிப்போய் உட்கார வழியில்லை. அதனால்தான் எங்களுக்கு ஒரு விதி தேவைப்பட்டது.

மரத்தடியில் யாரும் தன் பிள்ளையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. அடுத்தவர் பிள்ளையைப் புகழலாம், குறை சொல்லலாம், இடம் மாற்றி ஆடவைக்கச் சொல்லலாம். தன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வந்துவிட்டால் அன்று அங்கிருக்கிற அத்தனை பேருக்கும் டீயும் பருப்புவடையும் வாங்கித் தர வேண்டும். இதைக் கொண்டுவந்தவர் பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. இரண்டு அப்பாக்கள், யாருடைய மகன் நல்ல ஃபார்வர்டு என்ற கேள்வியில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்ட நாளில், நடுவே போய் நின்று சொன்னார். அவர்கள் அடங்கியது பெரிதில்லை. அடுத்த வாரத்திலிருந்து மரத்தடிப் பேச்சே வேறாகிவிட்டது. தன் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் மைதானம் முழுக்க அலைய ஆரம்பித்தன. தன் மகனுக்குப் பந்து வரவில்லையே என்று புலம்பிய ஆள், இடது ஓரத்தில் ஓடும் ஒரு பெண் பிள்ளை எத்தனை முறை ஓடியும் அவளுக்கு யாரும் பந்து தரவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். கால்பந்து தெரிந்த ஊராக நாங்கள் மாறியது அந்த விதிக்குப் பிறகுதான் என்பது என் கணக்கு.

நான் நீர்ப்பாசனத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். வாய்க்கால் மதகு எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, எதையும் எண்ணாமல் பார்க்க முடியாத கண்ணாகிவிட்டது. மைதானத்தில் எனக்குக் கவலைகள் அதிகம். கோல் கம்பத்தின் துரு, தரையில் கிடக்கும் கல், பந்தின் காற்று, பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர். எல்லாவற்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருவேன். பெரிய கவலை ஒன்று உண்டு. என் மகள் வயிற்றுப் பேத்திதான் அணியின் கோல் கீப்பர். பதின்மூன்று வயது, வயதுக்கு மீறிய உயரம்.

இந்தத் தை மாதத்தில் என் மகள் அவளிடம் சொல்லிவிட்டாள்: வரும் வருடம் ஒன்பதாம் வகுப்பு, அணியில் நிலையான இடம் இருந்தால் ஆடு, மாற்று ஆளாக உட்கார வேண்டுமென்றால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் டியூஷனுக்குப் போ. சொன்னதில் தப்பில்லை. பேத்தி எதிர்த்துப் பேசவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டுக் கையுறைகளைத் துவைக்கப் போய்விட்டாள். நான்தான் அவள் இதுவரை விட்ட கோல்களை எண்ண ஆரம்பித்தேன்.

அந்த வாரம்தான் பீர்மேடு மலைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பிள்ளைகள் ஆட வந்தார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரே ஆட்டத்தோடு திரும்ப முடியுமா? சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. பிள்ளைகள் பதினாறு பேர், கூட வந்த பெற்றோர் நான்கு பேர். எல்லாரையும் எங்கள் வீடுகளிலேயே பிரித்துத் தங்கவைத்தோம்.

இங்கே தை மாதக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைகளுக்கு நடுவிலுள்ள கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் அது, பனைமரங்களைச் சாய்த்துவிடுவதுபோல நாள் முழுக்க வீசும். எங்கள் பிள்ளைகளின் ஆட்டமே அந்தக் காற்றில் பழகியது. காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தால் பந்தை உயரத் தூக்கி விடுவார்கள். அது எங்கே இறங்கும் என்பது அடிக்கிறவனுக்கும் அதை நோக்கி ஓடுகிறவனுக்கும் மட்டும் தெரியும். வெளியூர்ப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அழகான ஆட்டம்.

மலைப் பிள்ளைகளின் ஆட்டம் நேர் எதிர். பந்து அவர்கள் முழங்காலுக்கு மேல் எழும்பவே இல்லை. குட்டிக் குட்டியாகத் தட்டிக் கொடுத்து, கோலம் போடுவதுபோல வளைந்து வளைந்து வந்தார்கள். தரையில் போகும் பந்தைக் காற்று என்ன செய்யும்? எங்கள் பிள்ளைகளின் கால் படாமல் ஒருமுறை பதினோரு பேர் கைமாறியது பந்து. பேர் என்று எழுதிவிட்டேன், பதினோரு முறைதான், அத்தனையும் நான்கே பிள்ளைகளுக்குள். எதிரணி என்பதை மறந்து கைதட்டிவிட்டேன். மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். மூன்றும் தரையோடு வந்த பந்துகள்.

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வாய்க்காலில் கால் கழுவப் போனதும் மரத்தடியில் பேச்சு ஆரம்பித்தது. பயிற்சி கொடுக்கும் இளைஞரை எல்லாரும் மலையாள வழக்கப்படி மாஷ் என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் அணியை முடிவு செய்கிறவர் அவர்தான் என்றாலும், மரத்தடியில் பேசி முடியும்வரை அவர் வாய் திறப்பதில்லை.

முதலில் பேசியவர் தென்னந்தோப்புக்காரர். அவர் மகன்தான் ஃபார்வர்டு.

"கோல்ல நிக்கற புள்ளைக்கு மேல வர்ற பந்துன்னா கை போயிருதுங்க. கீழ வந்தா கால் போகமாட்டேங்குது. இவிய ஆட்டம் பூராவும் தரையிலதான். நாளைக்கு ஆள மாத்திப் பாக்கலாமுங்க."

சொல்லும்போது என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பகையில் சொல்லவில்லை. அவர் சொன்னது கண்ணால் கண்டதுதான். விதிப்படி நான் பதில் சொல்ல முடியாது. மாற்று கோல் கீப்பர் பலசரக்குக் கடைக்காரரின் மகன். குள்ளம், ஆனால் தரையில் வரும் பந்துக்குப் பூனைபோலப் பாய்வான். ஒரு வருடமாக வெளியே உட்கார்ந்திருக்கிறான். எல்லார் பார்வையும் கடைக்காரர் பக்கம் போயிற்று. அவரை நாங்கள் பாய் என்போம். அவர் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு தலை குனிந்திருந்தார்.

பால் சொசைட்டி அம்மா என் பக்கம் திரும்பினார். "பெரியப்பா, நீங்க எண்ணீருப்பீங்கல்ல. கணக்கச் சொல்லுங்க."

"பேத்தியப் பத்திப் பேசறதாயிருமுங்க அது" என்றார் தோப்புக்காரர்.

"எண்ணிக்கை யாரு பேத்தியுங்க?" என்று மடக்கினார் அந்த அம்மா.

சிரிப்பு எழுந்தது. கடைசியில், மற்ற பிள்ளைகளின் கால் கணக்கை மட்டும் நான் சொல்லலாம் என்று தீர்ப்பானது. நடுக்களத்தில் நாம் பந்தைப் பறிகொடுத்தது இருபத்தாறு முறை, எதிரணி நம் கோலுக்கு நேரே வந்தது பதினான்கு முறை என்று சொன்னேன். அந்தப் பதினான்கில் கோல் கீப்பர் தடுத்தது எத்தனை என்பது நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிட்டேன். மாஷ் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்டேட் பெற்றோரில் ஒருவர் ஜீப் ஓட்டுகிறவர். இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு எதைக் கண்டால் உங்கள் பிள்ளைகள் பயப்படும் என்று பால் சொசைட்டி அம்மா அவரிடமே கேட்டுவிட்டார்.

"அதச் சொல்லிட்டு நான் எப்படிக்கா வேன்ல ஏற? பாதி வழியில எறக்கி விட்ருவாக" என்றார் அவர். ஆனால் வேறொன்றைச் சொன்னார். "எங்க கிரவுண்டு ஒரு பக்கமாச் சரிஞ்சு கெடக்கும். கீழ பூராத் தேயிலை. பந்தத் தூக்கி அடிச்சா அதுக்குள்ள போயிரும். அடிச்சவன்தான் போயி எடுக்கணும். அட்டைக்கடி வாங்கி ரத்தத்தோட வருவான். ரெண்டு மட்டம் போனான்னா அப்புறம் ஜென்மத்துக்கும் தூக்கமாட்டான்."

அட்டைக்குப் பயந்து இப்படி ஒரு ஆட்டம் பிறக்குமானால் நம் வயலிலும் பத்து அட்டைகளை விடலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. பேச்சு திரும்பவும் கோல் கம்பத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. தோப்புக்காரர் மறுபடியும் ஆள் மாற்றுவதைச் சொன்னார், இரண்டு பேர் தலையாட்டினார்கள். மாஷ் நிமிர்ந்தார்.

அப்போதுதான் பாய் பழத்தைக் கீழே வைத்தார்.

"எம்மவனப் பத்தி ஒண்ணும் சொல்லக்கூடாது, சொல்லலீங்க. கோல்ல நிக்கற புள்ளயப் பத்திச் சொல்றேன். மொத ரெண்டு கோலுக்கும் அது கோட்டுலயே நின்னுச்சு. ஏன் நின்னுச்சு? நாமதானுங்க 'நில்லு, நில்லு'ன்னு கத்தினோம். நம்மூருப் பசங்களோட ஆடறப்ப அது சரி. வெளிய வந்தா காத்து பந்தத் தலைக்கு மேல கொண்டுபோயிரும். இவிய தூக்கறதே இல்லியே, அப்புறம் என்னத்துக்குக் கோட்டுல நிக்கோணும்? மூணாவது கோலுக்கு நம்ம பேச்சக் கேக்காம அது ஓடி வந்துச்சு பாருங்க, அப்பத்தான் பந்தோட வந்த மலைப் புள்ள தடுமாறி அடிச்சுது. போஸ்டுல பட்டு உள்ள போச்சு, அது வேற. கத்தினதுல எங்கொரலும் இருந்துச்சுங்க. ஆளு மாற வேண்டாம். நாளைக்கு நம்ம வாய மூடிட்டு உக்காந்தாப் போதும்."

நான் மூன்று கோல்களையும் மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. கைமாற்றத்தையும் பறிகொடுத்ததையும் எண்ணியவன், நாங்கள் கத்தியதை எண்ணவில்லை.

"அப்ப உங்க பையன்..." என்று தோப்புக்காரர் இழுத்தார்.

"அதப் பேசினா இத்தன பேருக்கும் டீ நான் வாங்கோணும்" என்றார் பாய்.

மறுபடியும் சிரிப்பு. அதற்குள் மாஷ் எழுந்துவிட்டார். நாளைக்கும் இதே கீப்பர், மரத்தடியிலிருந்து ஒரு சத்தம் வரக்கூடாது என்றார். பிள்ளைகள் வாய்க்காலிலிருந்து திரும்பி வந்தார்கள். பாய் தன் மகனிடம் இதை எப்படிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தபோது என் பேத்தியின் இடம் நிலைத்த நிம்மதிகூட எனக்கு முழுசாக வரவில்லை. மகனுக்கு ஒரு வருடம் கழித்துத் திறக்க இருந்த கதவு அது. அவர் சும்மா பழம் உரித்துக்கொண்டிருந்திருந்தால் போதும், திறந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மரத்தடி, மழைக்கு முந்தைய வானம்போல இறுகிக் கிடந்தது. தோப்புக்காரர் துண்டின் நுனியை வாயில் கவ்விக்கொண்டிருந்தார். பால் சொசைட்டி அம்மா இரண்டு கைகளையும் முழங்காலுக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். என் மகளும் வந்திருந்தாள், மரத்தடிக்கு வராமல் வெயிலிலேயே நின்றாள்.

முதல்முறை மலைப் பிள்ளைகள் கோலம் போட்டுக்கொண்டு வந்தபோது பேத்தி கோட்டிலேயே நின்று எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பந்து விலகிப் போயிற்று. இரண்டாவது முறை அவள் கிளம்பிவிட்டாள். நீளக் கால்கள் நான்கே எட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தன. தரையில் சரிந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். அவ்வளவு உயரமான பிள்ளை அவ்வளவு தாழ முடியும் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை தாமதமாகக் கிளம்பி ஒரு கோல் வாங்கினாள். இரண்டாம் பாதியில் இன்னொன்று, அதை யாராலும் தடுத்திருக்க முடியாது, அத்தனை நேர்த்தி. நாங்கள் காற்றில் மிதக்கவிட்ட ஒரு பந்தில் தோப்புக்காரர் மகன் தலைவைத்து ஒன்று போட்டான். தோப்புக்காரர் துண்டை உதறிக்கொண்டு துள்ளி எழுந்தார், ஒன்றும் சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்தார். இரண்டுக்கு ஒன்று. தோற்றோம். ஜீப்காரர் என் பேத்தியின் தலையில் கைவைத்து, "எங்க பிள்ளைகளுக்கு இன்னைக்கு வேர்த்துருச்சு தாயி" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள், டியூஷன் மாஸ்டரிடம் வார நாட்களில் சாயங்காலம் இடம் இருக்கிறதா என்று கேட்கப்போவதாகச் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள். பின்னால் வந்த பேத்தி காதில் விழுந்திருக்க வேண்டும், அவள் நடை ஓட்டமானது.

மறுநாள் பாயின் கடைக்குப் போனேன். நன்றி என்று ஆரம்பித்தால் அவர் பேச்சை மாற்றிவிடுவார் என்று தெரியும். அதனால், வரும் சனிக்கிழமை மரத்தடியில் உங்கள் பையனைப் பற்றி நான் பேசப்போகிறேன், எனக்கு விதி தடையில்லை என்றேன்.

அவர் தராசில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். "பேசுங்க. நல்லது மட்டும் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. ரெண்டு குறையும் சேத்துச் சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் தங்களுக்குள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். என் பேத்தி நின்ற கோலை ஒருமுறைகூடப் பார்க்காமல், எதிர்க் கோலில் நின்ற அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காலால் உதைத்தால் பந்து நேராகப் போவதில்லை. அது ஒரு குறை. இரண்டாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.