கடல் தண்ணீரில் வரைந்த கடல்

இன்று ஹேவ்லாக் தீவின் கடற்கரையில் படம் வரைய உட்கார்ந்தேன். பிரஷ் நனைக்கக் கொண்டுபோன தண்ணீரை வெயில் தாங்காமல் குடித்தே தீர்த்துவிட்டேன்.

எதிரில்தான் இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே! பிரஷ்ஷைக் கடலிலேயே முக்கி, அந்தக் கடலையே வரைந்தேன்.

திரும்பும் கப்பலில் படத்தைப் பையிலிருந்து எடுத்தால், நீலம் முழுக்க வெள்ளை பூத்திருக்கிறது. காலை முழுக்கப் பட்ட பாடு போச்சே!

பக்கத்து சீட்டில் எங்கள் ஊர் பத்துபஸ்திப் பகுதி அக்கா ஒருவர். எட்டிப் பார்த்தார்.

"அரே, பூசணம் புடிச்சிருச்சாம்மா?"

"தெரியலக்கா."

நான் தடுப்பதற்குள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார்.

"நமக்! உப்பும்மா இது. கடலே வந்து ஒக்காந்திருக்கு பாரு."

படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தேன். வெயில் பட்டதும் தாள் முழுக்க மினுங்கியது. வெளியே கடலும் அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது.

இந்த மினுக்கத்துக்காகத்தான் கேமராவும் கையுமாகத் தீவு தீவாக அலைகிறேன். படத்தைப் போட்டோ எடுத்தேன். வெறும் வெள்ளைப் புள்ளிகள்தான் விழுந்தன. அதனால் இந்தப் பதிவில் போடவில்லை.

இறங்கும்போது அக்கா சொன்னார்: "மழை புடிச்சா நம்ம வீட்டு உப்பு ஜாடி மாதிரி இதுவும் தண்ணி விடும், பாத்துக்கோ."

ஷாதிபூரில் என் வீட்டுச் சுவரில் மாட்டியாயிற்று. மழைக்காலம் வந்தால் என் கடல் மறுபடி ஈரமாகும்.

அடியில் பக்கெட் வைக்கவா, படகு வாங்கவா? சொல்லுங்கள்.