ஓய்வு வாரமும் பழனி ரோடும்

எனக்குக் கவலைப்படத் தனியாகக் காரணம் வேண்டாம். மைதானத்தில் யாராவது தும்மினால்கூட, பயிற்சியைக் கூட்டிவிட்டோமோ என்று நினைக்கிற ஆள் நான். கோயமுத்தூரில் தடகள வீரர்களுக்கு உடல்வலுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எடை தூக்க வைக்க வேண்டும், குதிக்க வைக்க வேண்டும், அதைவிட முக்கியமாக எப்போது நிறுத்துவது என்று சொல்ல வேண்டும். இந்த நிறுத்தச் சொல்கிற வேலைதான் உயிரை வாங்குகிறது. ஓடு என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஓடாதே என்றால் ஊரே கேட்கிறது.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து நீளம் தாண்டும் ஒரு பெண் என்னிடம் வந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். முந்தின வருடம் முட்டியில் அடிபட்டு, மாதக்கணக்கில் பயிற்சி செய்து தேறியவள். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வு வந்தது. இதில் வரவில்லை என்றால் விளையாட்டுப் போதும், படிப்பை மட்டும் பார் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமைதான்.

போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சியின் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும் என்கின்றன ஆராய்ச்சிகள். பல வாரம் சேர்ந்த களைப்பு வடிந்த பிறகுதான் உள்ளே சேர்ந்த வலு வெளியே வரும். இதைப் படித்து, நம்பி, பலருக்குச் செய்தும் பார்த்தவன் நான். ஆனால் அந்தக் கட்டுரைகளில் வரும் வீரர்கள் ஏதோ ஒரு குளிர் நாட்டில், விடுதி அறையில் காலை நீட்டிப் படுத்திருப்பவர்கள். அவர்களில் யாருக்கும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற வேண்டுதல் இருந்ததாக நான் படித்ததில்லை.

இவளுக்கு இருந்தது. முட்டி சரியானால் வெறுங்காலில் நடந்து வருகிறேன் என்று வேண்டியிருக்கிறாள். முட்டி சரியாகிவிட்டது. ஊரார் நடை கிளம்பும் நாளோ ஓய்வு வாரத்தில் வந்து விழுந்தது.

அவளுடைய அம்மா மைதானத்துக்கே வந்து கேட்டார். "ஏனுங்க சார், மெதுவா நடந்தாக்கூட ஆகாதுங்களா?"

"ஆகாதுங்கம்மா. அத்தனை தூரம் நடந்தா காலு கல்லாட்டம் ஆயிரும். அப்பறம் எங்கீங்க தாண்டறது? அடுத்த வருசம் நடக்கட்டுமுங்க."

"சாமி காரியத்தைத் தள்ளிப் போடறதுங்களா..." என்று இழுத்தார். பிறகு "சரிங்க" என்றார். மகளும் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க சார்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். இரண்டு பேரும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதன்கிழமை காலை போன் செய்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்பது என் வழக்கம். அதற்கும் ஆராய்ச்சி உண்டு. கருவிகளைவிட வீரரே தன் களைப்பை நன்றாகச் சொல்லிவிடுவார் என்பார்கள். சொன்னால்தானே? இங்கே காய்ச்சலில் சுருண்டு கிடப்பவரைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் பதில் வரும்.

"நல்லாருக்கனுங்க சார்," என்றாள். பின்னால் லாரி ஹாரன் கேட்டது. அதற்கும் பின்னால் ஒரு கூட்டம் "அரோகரா" என்று கத்தியது.

"அம்மணி, நீ எங்க இருக்கே?"

"பல்லடம் தாண்டியாச்சுங்க சார்," என்றாள். லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை.

பைக்கை எடுத்தேன். கோபம் பாதி, பயம் பாதி. அவளைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறேன் என்றுகூட யோசிக்கவில்லை. நடந்து முடித்த கால்களைத் திருப்பி வாங்கவா முடியும்? உடுமலை ரோட்டில் பச்சையும் காவியுமாகச் சனம் போய்க்கொண்டே இருந்தது. நான் முகங்களைப் பார்க்கவில்லை, பாதங்களைத்தான் பார்த்தேன். அவளுடைய பாதம் எனக்குத் தெரியும்.

முதலில் கண்ணில் பட்டது அம்மாதான். ஓரமாக நொண்டிக்கொண்டு வந்தார். கொப்புளம் உடைந்த காலில் துணி சுற்றியிருந்தது.

"அவ எங்கீங்க?" வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டேன்.

அவர் பின்னால் கையைக் காட்டினார். கூட்டத்தின் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ ஊர்ந்து வந்தது. அதற்குள் பாயில் சாய்ந்து, அரிசி மூட்டைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். காலை அப்படி வைக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். "எந்திரிக்காத!" என்று கத்தினேன்.

"அவ நடக்கோணுங்கறதை நான் நடந்துபோடறேனுங்க," என்றார் அம்மா. "பெத்தவ நடந்தா ஏத்துக்குவாருங்க. மலைக்குக்கூட அவளைப் படியேற விடாம விஞ்சு ரயில்லதான் கூட்டீட்டுப் போறேன். நீங்க சொன்ன ரெஸ்ட்டு கெட்டுப் போகாதுங்கல்ல?"

கெடாது என்றேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது பயம் இரண்டு மடங்காகிவிட்டது. அதுவரை, அவள் தேர்வில் தவறினால் என் கணக்குத் தப்பியது என்பதோடு போயிருக்கும். இப்போது என் ஒரு வார்த்தைக்காக இன்னொருவர் கால் கிழிய நடக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா காலில் கட்டுடன் கேலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். முதல் தாண்டலில் மகளின் கால், ஊன்றித் தாவ வேண்டிய பலகையைத் தாண்டி விழுந்தது. சிவப்புக் கொடி; அந்தத் தாண்டல் செல்லாது. இரண்டாவதும் அப்படியே. இன்னொன்று தவறினால் வெளியே. அம்மா மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஓய்வு கொடுத்துக் கெடுத்துவிட்டாயே என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் ஓடி வந்ததை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தடுமாற்றம் எங்கேயும் இல்லை. ஓட்டத்தில் வேகம்தான் கூடியிருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஓட்டம் தொடங்கும் இடத்தின் அடையாளத்தைக் களைத்திருந்த காலுக்கு அளந்து வைத்திருந்தோம். களைப்பு போன கால் ஒவ்வொரு எட்டிலும் கொஞ்சம் தள்ளியே விழுகிறது. இதற்காகத்தானே வாரம் முழுக்கக் காத்திருந்தேன்? கால் புதிதாகி வந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டிருக்கிறேன்.

"அம்மணி! அடையாளத்தை ஒரு பாதம் பின்னால வை!"

"சரிங்க சார்." குனிந்து, குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து ஒரு பாதம் அளந்து, அடையாளத்தை நகர்த்தினாள். ஓடி வந்தாள். நான் பலகையைப் பார்க்காமல் கொடிக்காரரின் கையையே பார்த்தேன்.

வெள்ளைக் கொடி. அந்த ஒரு தாண்டலே போதுமானதாக இருந்தது. சாயங்காலம் அணிக்குத் தேர்வானவர்களைப் படித்தபோது அவள் பெயரும் வந்தது. நான் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "ரெண்டாவது செவப்புக் கொடி தூக்குனாங்கல்லங்க, அப்பவே இன்னொரு வேண்டுதல் வெச்சுப்போட்டேனுங்க."

"அடுத்த தைக்கும் நீங்க நடக்கறதுங்களா?"

"நானில்லீங்க சார். உங்க பேரைச் சொல்லிப்போட்டேன். அன்னேரத்துக்கு உங்க மூஞ்சியைப் பாக்கப் பாவமா இருந்துச்சுங்க."

அடுத்த தை எந்தப் போட்டி வாரத்தில் வரும், அன்னூரிலிருந்து பழனிக்கு எத்தனை நாள் என்றெல்லாம் மனம் அதற்குள் ஓடிவிட்டது. வாயில் முதலில் வந்தது இதுதான்: "செருப்புப் போட்டுக்கலாங்களா?"

கேட்டதும் வெட்கமாகப் போயிற்று. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கட்டுப் போட்ட காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.