சுற்றுப்பிரகாரத்தில் எரிந்த சிவப்பு விளக்கு

பங்குனி மாதம், பட்டப்பகலில், கண்டி வீதியில் கப்பல்துறைக்குக் கிட்ட என் கார் நின்றது. அக்சிலரேற்றரைக் காலால் அமர்த்தினேன். எஞ்சின் இரைந்தது, சில்லு அசையவில்லை. பக்கத்தில் என் மனைவி பிலோமினா சீற்றில் சாய்ந்து கிடந்தாள். புற்றுநோய்க்குக் கண்டி ஆஸ்பத்திரியில் மருந்தேற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இன்னும் நான்கு தடவை போகவேண்டும். முதல் தடவை பஸ்ஸில் போனபோது ஹபரணை வரைக்கும் வாந்தி. பாதி உயிர் போய்விட்டது. அந்தக் காரை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

காரை விற்ற கொம்பனியின் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கே பொறுப்பாக இருந்த நஸீர் தம்பி நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அண்ணன், கியர்பொக்ஸ் முழுசாப் போயிட்டு. வொரண்டியும் ஐப்பசியோட முடிஞ்சிட்டு."

புதிது போட என்ன செல்லும் என்று கேட்டேன். சொன்னார். எங்களால் கட்ட முடியாத தொகை.

"ஒரு வழி இருக்கு. கொம்பனிக்கு எழுதிப் பாருங்க. அவங்களுக்குக் கடமை இல்ல. ஆனா நல்லெண்ணத்துல சில நேரம் செஞ்சு குடுப்பாங்க. காரைப் பிழையாப் பாவிக்கல்ல எண்டு மட்டும் தெளிவா எழுதுங்க."

அந்தக் கடைசி வசனம் என் நெஞ்சில் தைத்தது. ஏனென்றால், போன ஆவணி மாதாப் பெருநாளுக்கு எங்கள் பங்குக் கோவிலின் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் மாதாவின் சிலை, அந்தச் சுருவம், ஏறியது என் காரின் கூரையில்தான். சனங்களோடு நடை வேகத்தில் மூன்று மணித்தியாலம் ஊர்ந்தேன். பாதி வழியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நிறுத்தினால் மரியாதை போய்விடும் என்று, செபப்புத்தகத்தில் இருந்த மாதா படத்தை எடுத்து விளக்கை மூடினேன். மூடிவிட்டுப் பாட்டும் பாடினேன்! பிறகு விளக்கு தானாக அணைந்தது. ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

இப்போது வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. "அம்மா, உம்மைச் சுமந்ததற்கு இதுவா கூலி?" என்று வாய்விட்டே கேட்டேன். கேட்டுவிட்டு அவவிடமே ஒன்பது நாள் செபமான நவநாளும் தொடங்கினேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஒன்பதாம் நாள், கொம்பனிக்கு எழுதிய கடிதத்தைப் பிலோமினாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"சுற்றுப்பிரகாரக் கதை எங்க?" என்றாள்.

"அதை எழுதினா எல்லாம் முடிஞ்சுது. ஒண்டும் தரமாட்டாங்கள்."

"மாதாவைச் சுமந்ததை மறைச்சுப்போட்டு மாதாவிட்டயே கேக்கிறீங்கள். வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

நான் சத்தம் போட்டேன். நோயாளி என்றும் பார்க்கவில்லை. அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று பின்னேரம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் எழுதினேன். படத்தால் மூடியதையும் எழுதினேன். "ஆண்டவரே, இனி உம்முடைய பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று கிழமை ஒரு பதிலும் இல்லை. ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் தன் வானில் கண்டிக்குக் கொண்டுபோனார். அடுத்த தடவைக்கு யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நஸீர் தம்பி போன் எடுத்தார்.

"அண்ணன், பெருநாள் அண்டைக்கு லைற் எரிஞ்சது உண்மைதானே?"

"ஓம் தம்பி." முடிந்தது என்று நினைத்தேன்.

"உங்கட கடிதத்தைப் பார்த்துட்டுக் கொம்பனிக்காரங்க பழைய பதிவெல்லாம் எடுக்கச் சொன்னாங்க. நாங்க முதல்ல இப்பத்தைய பிழையை மட்டும்தான் பார்த்த. கார்ட கொம்பியூட்டர்ல அந்தப் பிழை அண்டைக்கே பதிஞ்சிருக்கு. அண்டைக்கு வொரண்டி முடிய இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருந்திருக்கு, அண்ணன்!"

எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"மெதுவா ஓடினதால கியர்பொக்ஸ் போகாது. உள்ளுக்குள்ள ஒரு சாமான் முதல்லயே பிழை. புதுக் கியர்பொக்ஸ் அவங்கட செலவு. அதைப் பூட்டித் தாற கூலி மட்டும் நீங்க தாங்க."

குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். எந்தச் சுற்றுப்பிரகாரம் என்னைக் கெடுத்தது என்று மாதாவோடு சண்டை பிடித்தேனோ, அது நடந்திருக்காவிட்டால் என்னிடம் ஒரு சாட்சியும் இருந்திருக்காது. அதை நான் மறைத்திருந்தால் ஒருவரும் தேடியிருக்கவும் மாட்டார்கள்.

பிலோமினாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. "அவ அண்டைக்கே காட்டினவ. நீங்கள்தான் அவட படத்தாலயே மூடினனீங்கள்," என்றாள்.

மிச்சத் தடவைகளுக்கும் எங்கள் காரிலேயே போய் வந்தோம். இப்போதைக்கு மருந்து போதும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆண்டவருக்கு நன்றி சொல்ல வாய் போதாது.

நான் மாறியது ஒன்றில். முன்பெல்லாம் ஆண்டவரிடம் என் நல்லதை மட்டும் எடுத்துச் சொல்லி மன்றாடுவேன். இப்போது முழந்தாளில் நின்றால், சொல்ல வெட்கப்படுவதைத்தான் முதலில் சொல்கிறேன். சகோதரங்களே, உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். சொன்னால் எல்லாம் போய்விடும் என்று பயந்து, அதை விட்டுவிட்டு மன்றாடுவீர்கள். விடாதீர்கள். எனக்கு வந்த உதவி அந்த ஒரு வரியில்தான் வந்தது.